கடலடிக் குகையில் நீர்க்கரடி: வாசகர் கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஆயர் தாவாரிலிருந்து இம்முறை ஒரே பொருளில் ஒரு கட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அங்கே பள்ளி அறிவியல் மன்றத்தில் கடலடிக் குகைகளில் வாழும் நீர்க்கரடிகளைப் பற்றி ஓர் உரை நடந்ததாம். அதைக் கேட்ட மாணவர்கள், ஆசிரியர், பெற்றோர், தோட்ட அலுவலகத்துக் கிராணி என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம். பதில்களைத் தேவையான அளவுக்கு நீளவிட்டிருக்கிறோம்.

நீர்க்கரடி மரத்துப் பாசியில்தானே இருக்கும்? கடலுக்கு அடியில், அதுவும் குகைக்குள் எப்படி வந்தது? கண்ணால் பார்க்க முடியுமா?
*படிவம் நான்கு மாணவி*

பாசியில் இருப்பது அந்தக் குலத்தின் ஒரு கிளைதான், தங்கையே. டார்டிகிரேட் எனப்படும் நீர்க்கரடியை 1773-இல் ஜெர்மனியின் யோஹான் கோயெட்சே முதலில் விவரித்தார். இன்று 1,400-க்கு மேற்பட்ட இனங்கள் தெரியும். அவற்றில் 200-க்கு மேற்பட்டவை கடலில் வாழ்கின்றன. கடலோரப் பாறை, மணல், பவளத்தூள், பல ஆயிரம் மீட்டர் ஆழத்துச் சேறு என்று எல்லா இடத்திலும் அவை உண்டு. குகையும் கடலின் ஒரு மூலைதான். மணல் இருந்தால் அங்கேயும் இருக்கும்.

கடல் இனங்கள் பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் நீளம். வெறுங்கண்ணுக்குத் தூசிக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. உருப்பெருக்கியில் பார்த்தால் நான்கு சோடிக் கால்கள் தெரியும், கடைசிச் சோடி பின்பக்கம் நீட்டியிருக்கும். பாசியில் வாழும் உறவினர்களைவிடக் கடல் இனங்களுக்குத் தலையில் உணர்மயிர்கள் அதிகம். கால் நுனியில் தனித்தனி விரல்கள் உண்டு. விரல் முனையில் சிலவற்றுக்குக் கொக்கி நகம், சிலவற்றுக்கு ஒட்டிக்கொள்ளும் தட்டு. அந்த விரல்களை வைத்துத்தான் எந்தப் பேரினம் என்று பிரிக்கிறார்கள். சில பேரினங்களுக்கு உடலின் இரு பக்கமும் மெல்லிய இறக்கை போன்ற தோல் விரிவுகள் இருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

குகைக்குள் எந்த இடத்தில் அதிகம் இருக்கும்? வாசலிலா, இருட்டிலா?
*ஓய்வுபெற்ற தோட்ட டிரெஸர்*

ஐயா, கடலடிக் குகையை ஆய்வாளர்கள் வெளிச்சத்தை வைத்து மூன்றாகப் பிரிப்பது வழக்கம். பாசி வளரும் அளவுக்கு வெளிச்சம் உள்ள வாசல், அரையிருட்டுப் பகுதி, முழு இருட்டுப் பகுதி. பாறைச் சுவரில் ஒட்டி வாழும் கடற்பஞ்சு, பவளம் போன்றவற்றுக்கு இந்தப் பிரிவு நன்றாகப் பொருந்துகிறது. குகை என்றதும் எல்லாரும் இருட்டைப் பற்றியே பேசுவதற்கும் அதுதான் காரணம்.

நீர்க்கரடிக்கு அது இரண்டாம் பட்சம் என்பது எங்கள் கருத்து. அது வாழ்வது மணல் மணிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, அந்த இடத்து மணல் எப்படிப்பட்டது என்பது. லாரியில் கொட்டிய செம்பனைக் குலைகளுக்கு நடுவே காற்றுப் போய்வருவதுபோல, பரும்படியான மணலுக்கும் சிப்பித் தூளுக்கும் நடுவே நீர் போய்வரும். நீரோடு உயிர்வளி வரும், உணவுத் துணுக்கும் வரும். நீரோட்டம் செத்த மூலையில் நுண்சேறு படிந்து அந்த இடைவெளிகளை அடைத்துவிடும். மேற்பரப்பிலிருந்து ஓரிரு சென்டிமீட்டருக்குக் கீழே மண் கறுத்து, அழுகிய முட்டை வாடை அடிக்கும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. சில வகை நூற்புழுக்கள் அதைத் தாங்கும், நீர்க்கரடி தாங்காது.

இதற்கு ஆஸ்திரேலியாவில் நல்ல சான்று இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் கரையோரம் ஜிம்ஸ் குகை, ஃபிஷ் ராக் குகை என்று இரண்டு கடலடிக் குகைகள். முதலாவதில் நீரின் அசைவு பலம், இரண்டாவதில் அசைவு குறைவு. இரண்டிலுமாகக் கிடைத்த நீர்க்கரடிகள் மொத்தம் 67 மட்டுமே. 2014-இல் வெளியான ஆய்வு அந்த 67-க்குள் குறைந்தது 16 இனங்களைப் பிரித்தது. ஒன்பது இனங்கள் அறிவியலுக்கே புதியவை. அவற்றில் ஏழு அசைவு மிகுந்த ஜிம்ஸ் குகையிலிருந்தும், இரண்டு அமைதியான ஃபிஷ் ராக் குகையிலிருந்தும் வந்தன. இரண்டு குகைகளின் இனத்தொகுதியும் பெரிதும் வேறுபட்டிருந்தது. ஒரே மாநிலம், ஒரே கடல், இரண்டிலும் இருட்டு. ஆனாலும் குடியிருப்பவர்கள் வேறு.

எவை எங்கே என்பதும் கவனிக்கத் தக்கது. ஜிம்ஸ் குகையின் புதிய இனங்களில் ஒன்று பேட்டிலிப்ஸ் பேரினம். அதன் ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒட்டுத்தட்டு உண்டு. புரளும் மணலில் மணியை இறுகப் பிடித்துக்கொள்ள ஏற்ற கால் அது. ஃபிஷ் ராக் குகையின் இரண்டும் விங்ஸ்ட்ராண்டார்க்டஸ் என்ற இறக்கைத் தோல் கொண்ட பேரினம்.

இருட்டுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. வெளிச்சம் போனால் டயட்டம் போன்ற நுண்பாசிகள் வளராது. நீர்க்கரடி வாயிலுள்ள ஊசிகளால் உயிரணுவைக் குத்தி உறிஞ்சிக் குடிப்பது. உள்ளே போகப் போக அதற்குக் கிடைப்பது பாக்டீரியாவும் வெளியிலிருந்து மிதந்து வரும் துணுக்குகளும்தான். ஆகவே உட்பகுதியில் எண்ணிக்கை குறையலாம். எண்ணிக்கை குறைவது வேறு, இனங்கள் குறைவது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆழ்கடல் உயிர்கள் குகையில் கிடைக்கும் என்று உரையில் சொன்னார்களே, உண்மையா?
*அதே வாசகர்*

உண்மை. தென் பிரான்ஸில் லா சியோட்டா அருகே ஒரு குகை. வாசலே நீருக்கடியில் இருக்கிறது, தரை உள்நோக்கிக் கீழே சரிகிறது. குளிர்காலத்தில் குளிர்ந்த கனமான நீர் உள்ளே இறங்கித் தங்கிவிடும். கோடையில் வெளிக்கடல் சூடேறினாலும் அந்தச் சூடான நீர் இலேசானது, கீழே இறங்கிக் குளிர்நீரைத் தள்ள அதனால் முடியாது. ஆண்டு முழுதும் உள்ளே சுமார் 13 முதல் 15 பாகை செல்சியஸ்தான். இருட்டு, மாறாத குளிர், உணவுப் பஞ்சம் ஆகிய மூன்றும் ஆழ்கடலின் குணங்கள். வேறு இடங்களில் மிக ஆழத்தில் வாழும் வகையைச் சேர்ந்த, சிற்றுயிர்களைப் பிடித்துத் தின்னும் கடற்பஞ்சு ஒன்று இங்கே ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்திலேயே கிடைத்தது. நீர்க்கரடிகளிலும் ஆழ்கடல் குடும்பமான கொரோனார்க்டிடேயைச் சேர்ந்த ட்ரோக்ளோஆர்க்டஸ் என்ற புதிய பேரினம், ஆழ்கடல் போன்ற நிலை கொண்ட மத்தியதரைக் குகை ஒன்றிலிருந்து 1996-இல் விவரிக்கப்பட்டது.

எல்லாக் குகையும் இப்படி இருக்காது. தரை மேல்நோக்கி ஏறும் குகையில் நடப்பது தலைகீழ்: சூடான நீர்தான் உள்ளே தங்கும். நம் வெப்பக் கடலில் குளிர்காலமே இல்லாததால் இந்தக் குளிர்நீர்ப் பொறி இங்கே வேலை செய்யாது. மலேசியக் குகையில் ஆழ்கடல் இனத்தை எதிர்பார்த்துப் போவதைவிடப் பவளமணல் இனங்களை எதிர்பார்த்துப் போவதே பொருத்தம்.

உலகில் எங்கெல்லாம் கண்டுபிடித்திருக்கிறார்கள்? மலேசியாவில் எங்கே தேடலாம்?
*தோட்ட அலுவலகக் கிராணி*

குகை நீர்க்கரடிகளுக்குப் பேர்போன இடங்கள் மூன்று வட்டாரங்களில் இருக்கின்றன. ஒன்று மத்தியதரைக் கடல், குறிப்பாகத் தென் இத்தாலியின் சாலென்டோ தீபகற்பத்துக் குகைகளும் பிரான்ஸின் தென்கரையும். இன்னொன்று தென் ஜப்பானின் ஒகினாவா, மியாகோ தீவுகள். மூன்றாவது மேலே சொன்ன ஆஸ்திரேலியக் கரை. இந்த வரைபடத்தைப் பார்த்து மற்ற கடல்களில் நீர்க்கரடி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. அந்த மூன்று வட்டாரங்களிலும் நீருக்கடியில் போய் மணலை அள்ளி, பொறுமையாக உட்கார்ந்து பிரித்த ஆய்வாளர்கள் இருந்தார்கள். ஆள் போன இடம்தான் வரைபடத்தில் புள்ளியாகியிருக்கிறது.

நியோஸ்டைகார்க்டஸ் என்ற பேரினம் 1982-இல் மத்தியதரைக் கடலிலிருந்து விவரிக்கப்பட்டது. 2013-இல் மியாகோ தீவுக் குகை ஒன்றில் அதே பேரினத்தின் புதிய இனம் கிடைத்தது. பசிபிக் கடலில் அந்தப் பேரினம் அடங்கிய குடும்பத்துக்கு அதுவே முதல் பதிவு. ஒரு மாதிரி போதும், ஒரு குடும்பத்தின் எல்லை ஒரு பெருங்கடல் தாண்டிப் போய்விடும்.

இவ்வளவு தூரம் எப்படிப் பரவின என்பது இந்தத் துறையில் பெரிய கேள்வி. மீன், நண்டு போல நீந்தித் திரியும் குஞ்சுப் பருவம் இதற்கு இல்லை. முட்டையிலிருந்து நேரே சிறு நீர்க்கரடி வெளிவரும். பாசியில் வாழும் இனம் காய்ந்து சுருங்கித் தூசியோடு காற்றில் பறக்கும். ஆழத்து இனம் அப்படிக் காய்ந்து பிழைக்காது. புயலிலும் நீரோட்டத்திலும் கிளம்பும் மணலோடும், மிதக்கும் பாசிக் கொத்தோடும் மெல்ல மெல்ல நகர்ந்திருக்க வேண்டும். கண்டத்தட்டுகள் பிரிந்த காலத்துக் கணக்கையும் இதில் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு.

நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது சபாவின் சிபாடான் தீவு. கடல்தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் எழும் பவளத்தீவு அது. அதன் சுவரில், வழி தவறி இறந்த ஆமைகளின் எலும்புகள் கிடக்கும் குகை இருக்கிறது. லங்காவியின் சுண்ணாம்புக் கரையிலும் கடல் புகும் குகைகள் உண்டு. பவளத்தூள் சேர்ந்த மணலும் ஓரளவு நீரோட்டமும் உள்ள குகைத்தரை எதுவானாலும் தேடத் தகுந்தது. கையோடு எடுத்துவர முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். சிபாடானில் சபா பூங்கா வாரியத்தின் அனுமதி வேண்டும், ஆய்வு மாதிரி என்றால் சபா பல்லுயிர் மையத்தின் உரிமமும் வேண்டும். பாயார், ரெடாங், தியோமான் போன்ற கடல் பூங்காக்களில் 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது. ஒரு கைப்பிடி மணலும் அதில் அடக்கம்.

குவா தெம்புருங் சுண்ணாம்புக் குகையில் ஓர் ஆறு ஓடுகிறதே, அங்கே கிடைக்குமா?
*தமிழ்ப்பள்ளி மாணவர்*

கடல் நீர்க்கரடி கிடைக்காது, தம்பி. கோப்பேங் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் பழங்காலக் கடலில் படிந்ததுதான், ஆனால் இன்று அதனுள் ஓடுவது நன்னீர். கடல் இனத்தை நன்னீரில் போட்டால் உடல் ஊதிச் செத்துவிடும். வாசலோரப் பாசியில் நன்னீர், நில இனங்களைத் தேடிப் பார்க்கலாம்.

நான் முக்குளிப்புச் சான்றிதழ் பெற்றவன். அனுமதி கிடைத்தால் குகையில் மாதிரி எடுக்கும் முறை என்ன?
*சித்தியவான் வாசகர்*

முதலில் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். திறந்த கடல் சான்றிதழ் குகைக்குப் போதாது. குகை முக்குளிப்புக்கென்று தனிப் பயிற்சி உண்டு. வாசலிலிருந்து அறுபடாத வழிகாட்டிக் கயிறு, ஆளுக்கு மூன்று விளக்கு, காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு. இந்த விதிகளில் எதையும் தளர்த்தக் கூடாது. பயிற்சி இல்லையென்றால் வாசல் மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கருவி எளிது. 60 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் ஊசிக்குழலின் முனையை நேராக வெட்டி எடுங்கள். உள்தண்டை மணலின் மேற்பரப்பில் அசையாமல் பிடித்துக்கொண்டு, வெளிக்குழலை மட்டும் 5 சென்டிமீட்டர் கீழே அழுத்துங்கள். உள்ளே உறிஞ்சுவிசை உண்டாகி மணல் கலையாமல் ஏறும். வெளியே இழுக்கும் முன் விரலால் அடிவாயை மூடுங்கள், இல்லாவிட்டால் பரும்மணல் கொட்டிவிடும். ஒரு குழலில் சுமார் 30 மில்லிலிட்டர் மணல் வரும். வாசல், அரையிருட்டு, இருட்டு என்று ஒவ்வொன்றிலும் மூன்று குழல். இந்த உயிர் மிக அரிது, ஒன்பது குழலிலும் ஒன்றுகூடச் சிக்காமல் போகலாம். அதனால் ஒவ்வொரு பகுதியிலும் மேல்மணலை அரை லிட்டர்ப் புட்டி ஒன்றில் தனியாக அள்ளிக்கொள்வது அவசியம். குழல் அடர்த்தியைக் கணக்கிட உதவும், புட்டி இனங்களைக் காட்டும்.

கெட்டுப்போகும் இடங்கள் இவை. காற்றோடு மூடிய புட்டியை ஆழத்துக்குக் கொண்டு போனால் நீரழுத்தத்தில் நசுங்கும், மூடி திறக்காது. இறங்கும்போதே கடல்நீர் நிரப்பிக்கொள்ளுங்கள். துடுப்பு அடித்துச் சேற்றைக் கிளப்பினால் கண்ணும் தெரியாது, மேலடுக்கு நுண்ணுயிரும் கலைந்துவிடும். வெளிவிடும் குமிழிகள் கூரையில் மோதி, அங்கே ஒட்டியிருந்த தூளைத் தரையில் உதிர்க்கும். ஆகவே உங்களுக்கு முன்னால் உள்ள, நீங்கள் இன்னும் கடக்காத மணலை முதலிலேயே எடுங்கள். பெயர்ச்சீட்டைக் கரையிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள், பென்சிலில் எழுதிய இன்னொரு சீட்டைப் புட்டிக்குள்ளும் போடுங்கள். ஆழம், வாசலிலிருந்து தூரம், நீர் வெப்பம், மணல் பரும்படியா நுண்மையா, கறுப்படுக்கு எத்தனை சென்டிமீட்டரில் என்பவற்றைக் குறிக்காத மாதிரிக்கு மதிப்புக் குறைவு.

மேலே வந்தபின் நம் ஊர் வெயில்தான் எதிரி. கார் பின்பெட்டியில் ஒரு பகல் இருந்தால் மணலில் உயிர்வளி தீர்ந்து எல்லாம் அழுகிவிடும். பனிக்கட்டியைச் செய்தித்தாளில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, அதன்மேல் புட்டியை வையுங்கள். உறையவிடக் கூடாது.

பள்ளி ஆய்வகத்தில் மணலிலிருந்து பிரித்தெடுப்பது எப்படி?
*அறிவியல் ஆசிரியை*

இதற்கு நன்னீர் அதிர்ச்சி முறையே சிறந்தது, அம்மா. 100 மில்லிலிட்டர் மணலை ஒரு லிட்டர்க் குடுவையில் இட்டு 400 மில்லிலிட்டர் நன்னீர் ஊற்றுங்கள். உப்பு வேறுபாட்டால் உயிர்கள் மணிகளைப் பிடித்த பிடியை விட்டுவிடும். அரை நிமிடம் மெதுவாகச் சுழற்றி, 5 முதல் 10 நொடி நிறுத்தினால் மணல் அடியில் இறங்கும். மேல்நீரை உடனே வலையில் வடித்துவிட வேண்டும். ஓரிரு நிமிடத்துக்கு மேல் நன்னீரில் கிடந்தால் உடல் ஊதி விரலும் மயிரும் சிதைந்து, பின்னர் இனம் காண முடியாது. வலையில் தங்கியதை வடிகட்டிய கடல்நீரால் கழுவிக் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். இப்படி நான்கைந்து முறை.

வலைக்கண் 40 மைக்ரோமீட்டருக்குக் கீழே இருக்கட்டும். 63 மைக்ரோமீட்டர்ச் சல்லடை எங்கும் கிடைக்கும், ஆனால் சிறிய நீர்க்கரடி நெடுக்காக அதில் நழுவிவிடும். ஆய்வுச் சல்லடை விலை அதிகமென்றால், பனியனில் அச்சடிக்கும் கடையில் சில்க் ஸ்கிரீன் வலை கேளுங்கள். சென்டிமீட்டருக்கு 150 இழை கொண்டது பொருந்தும். அதை அகலமான பிளாஸ்டிக் குழாய்த் துண்டில் இறுக்கிக் கட்டினால் சல்லடை தயார். கழுவும் நன்னீரையும் முன்கூட்டியே அதே கண்ணளவுள்ள வேறொரு வலையில் வடிகட்டுங்கள். கூரைத் தொட்டி நீரில் நன்னீர் இனங்கள் இருந்தால், அவற்றைக் கடல் இனமென்று எண்ணி ஏமாறும் வாய்ப்பு உண்டு. மணலே இல்லாமல் ஒருமுறை நீரை மட்டும் வடித்துப் பார்ப்பது நல்ல சோதனை.

40 மடங்கில் தேடுங்கள், 400 மடங்கில் விரலைப் பாருங்கள். சாட்டைபோல் துடிப்பது நூற்புழு. வெட்டி வெட்டிப் பாய்வது கோப்பிபோடு என்ற, இறாலின் உறவான சிற்றுயிர். அதிகம் குழப்புவது கடல் உண்ணி, அதற்கும் எட்டுக் கால். உண்ணியின் காலில் மூட்டு மடிப்புகள் தெளிவாகத் தெரியும். நீர்க்கரடியின் காலில் அப்படி மூட்டு இல்லை, உள்ளே சுருங்கி வெளியே நீளும். உயிரோடு இருக்கும்போதே பார்ப்பது எளிது, செத்தபின் துணுக்கோடு துணுக்காகிவிடும்.

பாதுகாத்து வைக்க ஆய்வாளர்கள் சந்தையில் கிடைக்கும் ஃபார்மலினை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு கடல்நீர் சேர்த்து, போராக்ஸ் இட்டு அமிலத்தை முறித்துப் பயன்படுத்துவார்கள். பிள்ளைகள் இருக்கும் அறையில் அது வேண்டவே வேண்டாம், அதன் ஆவி புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. 95 விழுக்காட்டு எத்தனால் போதும். மரபணு ஆய்வுக்கும் அதுவே ஏற்றது.

விண்வெளியிலேயே சாகாத உயிராம். மகன் வீட்டுக்குக் கொண்டு வந்தால் ஏதும் ஆபத்தா?
*ஒரு தாயார்*

ஓர் ஆபத்தும் இல்லை, அம்மா. இது யாரையும் கடிக்காது, நோயும் தராது. 2007-இல் விண்வெளிக்கு அனுப்பிப் பார்த்தவை காய்ந்த நிலையில் இருந்த நில இனங்கள். குகை மணல் இனம் உங்கள் மேசையில் நீர் வற்றினாலே செத்துவிடும். கையைக் கழுவச் சொல்லுங்கள், அது மணலுக்காக.

எங்களால் முக்குளிக்க முடியாது. தெலுக் பாத்தேக் கடற்கரையில் ஏதாவது செய்யலாமா?
*மன்றத்து மாணவர்கள்*

தாராளமாக. நீர் வற்றும் நேரத்தில், அலைக்கோட்டுக்குச் சற்று மேலே ஈரம் காயாத பரும்மணலில் 10 முதல் 20 சென்டிமீட்டர் தோண்டி ஒரு குவளை எடுங்கள். பேட்டிலிப்ஸ் இப்படிப்பட்ட கரைமணலில் வாழும் பேரினம். சதுப்புநிலப் பக்கத்துச் சேற்றை விட்டுவிடுங்கள். பாறையில் வெள்ளையாக ஒட்டியிருக்கும் கொட்டலசு ஓடுகளைச் சுரண்டிக் கழுவினால் எக்கினிஸ்காய்டஸ் கிடைக்க வாய்ப்பு உண்டு. நீரேற்ற இறக்கத்தில் வாழ்வதால் காய்வதைத் தாங்கக்கூடிய கடல் இனம் அது. அதற்கு நன்னீர் அதிர்ச்சியை ஐந்து நிமிடம் வரை நீட்டலாம், பிடியை எளிதில் விடாது.

ஒரே கரையில் பரும்மணல், நுண்மணல், சேறு என்று மூன்று இடத்தில் தலா மூன்று குவளை எடுத்து, ஒரே அளவு நீரில், ஒரே எண்ணிக்கையில் கழுவி எண்ணுங்கள். ஒன்றும் கிடைக்காத குவளைக்கும் சுழியம் என்று எழுதி வையுங்கள். கிடைத்தவற்றைச் சிறு குப்பியில் எத்தனாலில் இட்டு, நாள், இடம், ஆழம், மணல் வகை எழுதிய சீட்டை உள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரையும், பென்சில் கரையாது.